கால் சுற்று

முதலில் கழற்றியது ஹாரன் மூடியை.
உள்ளே ஒரு செத்த சிலந்தி,
யாரோ மடித்துச் செருகிய தீப்பெட்டி அட்டை.
"ஒயர் ஆடாம இருக்க வெச்சிருக்காங்க மேடம்"
என்றார் கவுஸ் பாஷா.
அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

கொணவட்டத்தில் மே மாதம்.
பதினோரு மணிக்கே ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் தொடலாம்.
தங்கவயலிலிருந்து லாரி ஏறி வந்த
இரண்டு சீட்டு மஞ்சள் கார்
மூக்கைத் தூக்கிக் கட்டைகள் மேல் நின்றது.
அறுபத்து நான்காம் வருட மாடல்,
என்னைவிட மூன்று வயது மூப்பு.
என் பி.எஃப். பணத்தில் பாதி அது.
மீதிக்கு என் வலது தோளும் போயிருந்தது.

ஓட்டிப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்.
பழைய ஸ்டியரிங் பெட்டியில்
முதல் கால் சுற்று வெறும் காற்று.
திருப்புவேன், கார் யோசிக்கும்,
பிறகு முனகிக்கொண்டு ஒத்துக்கொள்ளும்.
பாலாற்றுப் பாலத்தில் எதிரே லாரி தெரிந்தால்
அது வந்து சேரும் முன்பே ஒதுங்கத் தொடங்க வேண்டும்.
ஆறு வருடம் இப்படி:
எதையும் முன்கூட்டியே சொல்லி,
கேட்டதா என்று பார்க்காமல் இன்னொரு தடவை சொல்லி.
வீட்டிலும் அப்படித்தான் என்பார் எட்வின்.

தோளில் மூன்று துளை போட்ட டாக்டர்
காரை விற்றுவிடச் சொன்னார்.
நான் பெட்டியை விற்றேன், எடைக்கு.

அதற்கு முன் திறந்து பார்த்தோம்.
கறுத்த கிரீஸுக்குள் திருகிக் கிடந்த பல்
நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது.
இரண்டு ஓரமும் நேற்றுச் செய்தது போல.
அறுபது வருடமாக எல்லோரும்
நேராகவே போயிருக்கிறார்கள்.

சேண்பாக்கம் காயலான் கடையில்
மாருதி எண்ணூறின் ராக் ஒன்று, எண்ணூற்றைம்பது ரூபாய்.
ஆம்னியிலிருந்து ஒரு ஜாயின்ட்.
ராணிப்பேட்டை லேத்தில் சம்பங்கி
ஆறு எம்.எம். தகட்டில் பிராக்கெட் வெட்டினார்.
முடி அகலம் பிசகாமல் அளந்தார்,
எழுதி வைத்தார்,
எழுதியதை மறுபடி அளந்தார்.
சக்கரப் பிடிக்கு ஆம்பூர் தோல்,
ஷூவுக்கு ஆகாது என்று தள்ளிய துண்டு.

வியாழக்கிழமை இறக்கினோம்.
இடது பக்கம் ஒடித்தேன்.
கார் வலது பக்கம் போய்
டீக்கடை பெஞ்சை முகர்ந்து நின்றது.

யாரும் பேசவில்லை.
பெஞ்சில் இருந்தவர் டம்ளரை
உயர்த்திப் பிடித்தபடியே இருந்தார்.
மாருதியில் அந்த ராக் அச்சுக்குப் பின்னால் இருந்தது,
நாங்கள் முன்னால் மாட்டியிருந்தோம்.
அத்தனை அளந்தும்
எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
சம்பங்கிதான் முதலில் சிரித்தார்.
கவுஸ் பாஷா சிரிக்க ஒன்றரை நாள் ஆனது,
அதற்குள் ராக்கைக் குப்புறப் போட்டு
புது பிராக்கெட், இரண்டாவது ஜாயின்ட்,
இரவு பத்து மணி வரை வெல்டிங்.

கடைசியாக ஹாரன் மூடி.
அழுத்தினால் கறகறவென்றது.
சட்டைப்பையைத் தடவினார்.
துவைத்த சட்டை.
அட்டை கூழாகிக் காய்ந்திருந்தது.
தன் பீடிக்கட்டு லேபிளைக் கிழித்து மடித்துச் செருகினார்.

ஞாயிறு விடிகாலை, பள்ளிகொண்டா ரோடு.
விரல் நினைத்தால் கார் திரும்புகிறது.
என் கைகள் அதை நம்பவில்லை.
இல்லாத கால் சுற்றை முன்கூட்டியே கொடுத்து,
பதறி, திரும்ப வாங்கி,
நேரான சாலையில் பாம்பு போல் போனோம்.
பால் டேங்கர்காரன் ஜன்னலில் தலை நீட்டி
காலையிலேயேவா என்றான்.

விரிஞ்சிபுரம் தாண்டியதும் கைகள் கொஞ்சம் அடங்கின.
தோள் தன்பாட்டுக்கு இருந்தது.
எட்வினிடம் தண்ணீர் பாட்டில் கேட்டேன்,
ஒரே தடவை.
அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு கிலோமீட்டர் கல் போனது.
"ஏதாவது கேட்டியா?" என்றார்.