தடம் மாற்றி

என் பதவியின் பெயர் பாயிண்ட்ஸ்மேன்.
நான் பெண். பதவி இன்னும் ஆண்.
காரைக்குடி ஜங்ஷனில் இரவு ஷிஃப்ட்.
தண்டவாளத்தின் நாக்கு ஒட்டியிருக்கிறதா என்று
டார்ச் அடித்துப் பார்ப்பவள்.
தடம் புரள்வது என்றால் எங்களுக்கு
சஸ்பென்ஷன், விசாரணை, மூன்று நகல்.

அப்படிப்பட்டவள் ஒரு சைக்கிள் வாங்கினேன்,
சங்கிலியைத் தடம் புரட்டவென்றே
ஓர் உறுப்பு வைத்த சைக்கிள்.

முனீஸ்வரன் கோயில் தெருவில்
எனாமல் தூக்குகளுக்கும் பெயர்த்தெடுத்த நிலைக்கதவுகளுக்கும் நடுவே
சாய்ந்து நின்றது.
ஊர் ஊராக ஓட்டிவந்த வெள்ளைக்காரர் ஒருவர்
காய்ச்சலில் விட்டுப்போனதாம்.
நைனா முகமது சொன்னது. கதையும் விலையில் சேர்த்தி.
பச்சை ஃபிரேம். சீட்டுப் பைக்குள் பல்லி முட்டை.
முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஐந்து,
அதன் கீழே
எலும்பு முறிந்து தொங்கிய ஒரு பிளாஸ்டிக் கை.

"டிரெய்லர் போயிருச்சுக்கா" என்றான் ராயப்பன்.
"எந்தப் படத்துக்கு?"
சிரிக்கவில்லை. விரல் ஸ்போக்குக்குள் இருந்தது.
"மேடே இல்லாத ஊரு. பின்னாடி ஒத்தைச் சக்கரம் போட்டு
ஓட்டிட்டுப் போங்களேன்."

மேடு இல்லைதான்.
கண்மாய்க்கரை ஏற ஒரு மூச்சு, குன்றக்குடியில் ஒரு மூச்சு.
ஆனால் ஆடியில் திருப்பத்தூர் சாலையில்
மேற்கே பார்த்து மிதித்தவருக்குத் தெரியும்,
காற்றும் ஒரு ஏற்றம்.
அதற்கு உச்சி கிடையாது.
தவிர, நான் சிறுமலை போக வேண்டும்.
பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு.
ஏன் என்று ராயப்பன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பல் எண்ணினேன்.
பின்னால் பதினான்கில் தொடங்கி முப்பத்திரண்டு.
முன்னால் ஐம்பது, நாற்பது, இருபத்தெட்டு.
கழித்துக் கூட்டினால் நாற்பது பல் தொய்வு.
அத்தனையும் சுருட்டி விழுங்க
நீளமான கை வேண்டும்.

நைனா முகமது கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.
இத்தாலிச் சரக்கு.
வெல்வெட்டில் வைரத்தோடு போல் கிடந்தது.
கை குட்டை. இருபத்தாறு பல்லுக்கு மேல் எட்டாது.
"இதைப் போடும்மா. இரட்டை விலைக்கு நானே திருப்பி எடுத்துக்கறேன்.
ஹோட்டல்காரங்க கேக்குறாங்க,
முற்றத்துத் தூண்ல சாய்ச்சு வைக்க.
பக்கத்துல நின்னு படம் எடுப்பாங்க."
"ஓடுமா?"
"ஓடி என்ன ஆகப்போகுது?"

பொய் சொல்ல மாட்டேன், கணக்குப் போட்டேன்.
பி.எஃப். கடன், ஃபிரிட்ஜ் தவணை,
ராமேஸ்வரம் வண்டி போகும்வரை
விரலில் கூட்டிக்கொண்டே நின்றேன்.
சக்கரம் கடகடவென்று நாக்கைத் தாண்டிப்போனது.
தூணில் சாய்ந்த ஒரு ரயிலை யோசித்துப் பார்த்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது மற்றது.
ஜப்பான். ஆயிரத்து நூறு.
கறுப்பு, கீறல், பெயர் தேய்ந்த முகம்,
இரண்டு குட்டி உருளையில் ஒன்று வேறு வண்டியுடையது.
ஆனால் கை!
கண்மாயில் நிற்கும் நாரையின் கால்,
முட்டி பின்னோக்கி மடங்கும்.

"சேரலக்கா. பட்டுச்சேலைக்கு ஹவாய் செருப்பு."
"நடக்கப்போறது செருப்புதானே."
அதற்கும் அவன் சிரிக்கவில்லை.
திருகாணியை வாயில் கவ்வியிருந்தான்.

இதன் லீவரில் 'டிக்' என்ற நிறுத்தம் இல்லை.
எங்கே நிற்கவேண்டும் என்று
காதுதான் சொல்ல வேண்டும்.
வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினோம்.
நான்காம் பல்லுக்கும் ஐந்தாம் பல்லுக்கும் இடையில்
ஒரு கரகரப்பு.
அதை எனக்குத் தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும்.
ஒரு மயிரிழை தள்ளினேன்.
நின்றது.

சிறுமலைக்கு லீவு இன்னும் சாங்ஷன் ஆகவில்லை.
இன்று ஷிஃப்ட் முடிந்து, விடியும் முன்
எதிர்காற்றில் பாதிவழி போய்த் திரும்பினேன்,
வேர்க்கடலை லாரி ஒன்றைத் தவிர யாரும் பார்க்கவில்லை.
கேபிள் நுனியை வெட்ட மறந்துவிட்டோம்.
இறங்கும்போதெல்லாம்
கணுக்காலைக் கிழிக்கிறது.