பத்து சென்டிமீட்டர்

தட்டைக் கூரைக்கு நகராட்சி சம்மதிக்கவில்லை.
பனி விழும் ஊர் இது, சரிவு வேண்டும் என்றார்கள்.
விஸ்கோசில் இரண்டு விரல் சரிவு போட்டுக் கொடுத்தார்.
தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது.
தண்ணீருக்கும் தெரியவில்லை.

கையுறை முதலாளி தாவுசிக்கின் வீடு அது,
பிரனோவின் மேற்குக் குன்றில், இருபத்தொன்பதாம் வருஷம்.
சுவர் இருக்கவேண்டிய இடமெல்லாம் கண்ணாடி.
தூண் என்று சொல்ல ஏழே ஏழு இரும்புக் கம்பம்.
ஊர் அதைச் செருப்புப் பெட்டி என்றது.
திருமதி தாவுசிக் ஒவ்வொரு மழைக்கும்
வாளி வாங்கிய ரசீதை அலுவலகத்துக்கு அனுப்புவாள்.
கோப்பில் குத்திவைப்பது என் வேலை.
பதினொரு வாளி.

ஒரு பூ, ஒரு சுருள், ஒரு தேவதைத் தலை
வரையவிட மாட்டார்.
"கோடு தன் வேலையை முடித்ததும்
வீட்டுக்குப் போகட்டும்" என்பார்.
என் பென்சிலை அவரே சீவித் தருவார்,
அதைக்கூட என்னிடம் நம்பி விடமாட்டார்.

முப்பத்தொன்பதில் தாவுசிக் குடும்பம் போய்விட்டது.
அந்தக் கண்ணாடியில் யாரோ கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள்.
கப்பலில் எழுதிய அஞ்சலட்டை ஒன்று வந்தது:
வடகிழக்கு மூலை இன்னும் ஒழுகுகிறதா?
பதில் போட முகவரி இல்லை.
அன்றிரவு அவர் எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.
மறுநாள் சட்டைக் கையில்
தார் இருந்தது, அவ்வளவுதான்.

போருக்குப் பின் அரசு வரைபட நிறுவனம்.
பெயர் கிடையாது, எண் உண்டு.
வகை எண் முப்பத்தொன்று: ஐந்து மாடி,
தொழிற்சாலையில் வார்த்த சுவரை கிரேனில் தூக்கி அடுக்குவது.
அவர் கேட்டது ஒன்றே ஒன்று.
சமையலறை ஜன்னல் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கட்டும்,
உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தவளுக்குத்
தெரு தெரியட்டும்.
தலைமைப் பொறியாளர் சிவப்பு மையால் அடித்தார்.
கண்ணாடி விலை தெரியுமா தோழரே?
விஸ்கோசில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிரதி எடுத்தது நான்.
தொண்ணூறு எண்பதாக,
ஒன்பதின் வாலைச் சுழித்து மூடினால் போதும்.
இருபதாயிரம் சமையலறை.
அச்சில் வார்த்த பிறகு யார் கேட்பது.

அறுபத்திரண்டு டிசம்பரில் ஒரு டிராமில்
எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.
புதுக் குடியிருப்பின் மஞ்சள் ஜன்னல்கள் நகர்ந்தன,
பலவற்றில் உட்கார்ந்த தலை ஒன்று தெரிந்தது.
அவர் விரலை விரித்துக் காற்றில் எதையோ அளந்தார்.
"யாரோ தப்புப் பண்ணியிருக்கிறார்கள்" என்றார்,
தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டியவர்,
இறங்கவில்லை.