ஒரு நூல் தள்ளி

ஆம்பூர் கம்பெனியில் இருபத்தாறு வருஷம்
தோல் வெட்டியவன் நான்.
முள்கீறல், உண்ணிக்கடி, சூடு போட்ட தழும்பு
எல்லாம் விளக்கடியில் விரித்தால் தெரிந்துவிடும்.
சாக்பீஸால் சுற்றி வட்டம் போடு,
ஒரு நூல் தள்ளி வெட்டு,
மிச்சத்தில் ஒரு ஜோடியாவது தேறும்.

வேலூரில் டாக்டரம்மா
என் வயிற்றைத் திரையில் வில்லை வில்லையாக அரிந்து காட்டினார்.
வலது சிறுநீரகத்தின் விளிம்பில்
நெல்லிக்காய் மாதிரி ஒன்று.
பேனா முனையால் அதைச் சுற்றினார்.
எனக்குக் கை துறுதுறுத்தது.

“இரண்டு இருக்கிறவர்களுக்கு
முழுசாக எடுப்பதும் உண்டு.
உங்களுக்கு...”
என் இடுப்பின் பழைய தழும்பைப் பார்த்து நிறுத்தினார்.

அந்தத் தழும்புக்குப் பதினோரு வயசு.
இடதை அன்றே
தங்கை கிருபாவதிக்குக் கொடுத்தாயிற்று.
வாரம் மூன்று நாள் மிஷினில் கிடந்தவள்
இன்று என் பக்கத்து நாற்காலியில்
பையிலிருந்து ஆரஞ்சு எடுக்கிறாள்.

உறையவைக்கும் ஊசி? இடம் சரியில்லையாம்.
எந்திரக் கை? செய்யலாம்,
ஆனால் எனக்குத் திறந்து செய்வதே நல்லதாம்.
ரத்தக்குழாயைக் கவ்விப் பிடித்து,
சுற்றிலும் ஐஸ் கொட்டி,
அரைமணிக்குள் கட்டியை மட்டும் வெட்டித்
தைத்துவிட வேண்டும்.
“எவ்வளவு தள்ளி வெட்டுவீங்க?” என்றேன்.
விரலிடுக்கில் காட்டினார்.
ஒரு நூலுக்கும் குறைவு.
நல்ல வேலைக்காரி.

பாரத்தில் இன்னொரு வரி இருந்தது:
முடியாமல் போனால் முழுவதும்.
அதற்குப் பிறகு மிஷின்.
அந்த வரியில் என் பேனா நின்றது.

கிருபா ஆரஞ்சுத் தோலை மடியில் வைத்துக்கொண்டு
“அப்போ என்னுதைத் திருப்பி எடுத்துக்கோங்க,
வாங்குனதுதானே” என்றாள்.
டாக்டரம்மா சிரிக்கவில்லை.
நான்தான் சிரித்தேன்,
கையெழுத்து கோணிப்போகிற அளவுக்கு.

வங்காளத்தில் போர்டு எழுதிய லாட்ஜில்
அன்று ராத்திரி தூக்கமில்லை.
அவள் மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போனாள்.
குழாய்ச் சத்தத்தை
எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
நன்றாக வேலை செய்கிறது.

காலை ஆறரைக்கு
பச்சைத் துணி போர்த்தித் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.
எனக்கு நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.
வராந்தா முனையில் அவள்
பாட்டிலைத் திறந்து
மடக் மடக்கென்று குடிக்கிறாள்.

என் இடது சிறுநீரகம்
முதல் ஷிப்டு ஏறிவிட்டது.