எண் எழுபத்தெட்டு

ஊலு நகரில் நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
பல்கலைக்கழகக் கூடத்தில்
வேலை கொடுப்பவர்களும் தேடுபவர்களும்
சந்தித்துப் பழகும் மாலை.
எல்லார் நெஞ்சிலும் பெயர் ஒட்டியிருக்கிறது.
தைமியின் நெஞ்சில் மட்டும்
‘கோட் இங்கே.’

மணிக்குப் பதினோரு யூரோ.
வாங்கு, மாட்டு, டோக்கன் கொடு.
ஈரக் கம்பளி, ஈர நாய், கொஞ்சம் சிகரெட்.

உள்ளே
தன்னைப் பற்றி முப்பது நொடியில் சொல்லப் பழகிவந்த
அவள் வகுப்புத் தோழர்கள்
தட்டில் மீன் துண்டோடு
யார் முதலில் பேசுவது என்று நிற்கிறார்கள்.
வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் ஊர் அது.

அறிமுகம் என்பதில் ஒரு முகம் இருக்கிறது.
அவளுக்குக் கிடைத்தவை முதுகுகள்,
கழுத்துப்பட்டைகள், கிழிந்த உள்துணி.
காகித ஆலையின் கெர்ட்டு
சாம்பல் நிறக் கோட்டைக் கொடுத்துவிட்டு
‘நன்றி’ என்றார், திரும்பிக்கொண்டே.

மேசைக்கடியில் அவள் பை.
பைக்குள் இரண்டு பக்கத் தைமி:
மரக்கூழ் வேதியியல்,
மூன்று கோடைகள் ஸ்ட்ராபெரி பறித்தது,
ஃபோர்க்லிஃப்ட் உரிமம்.

ஒன்பதுக்குச் சற்று முன்
யாருமில்லாத ஐந்து நிமிடம்.
தாளை நான்காய் மடித்தாள்.
எழுபத்தெட்டு. சாம்பல் நிறம். இடது பை.
செருகியதும் கை நடுங்கிற்று,
திருடியவளைப்போல.
எடுக்கவில்லை, வைத்துத்தான் இருக்கிறாள்,
இருந்தாலும்.

ஒன்பதரைக்குக் கெர்ட்டு நீட்டிய டோக்கன்
எண்பத்தேழு.

சாம்பல் நிறத்தில் அந்த ஊரில்
எத்தனை கோட்டுகள் என்று
அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத எண்.
‘நான் ஹில்ப்பா. இயந்திரவியல், நான்காம் ஆண்டு.
உன் தாள் என் கோட்டுப் பையில் இருந்தது.
ரசீது என்று நினைத்துக் கசக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்.
எனக்கும் வேலை கிடைக்கவில்லை.
அது இருக்கட்டும்,
இரண்டாம் பக்கக் கடைசி வரியைப் பார்த்தாயா?’

பார்த்தாள்.
அவர்கள் மொழியில்
‘சந்திக்கிறேன்’ என்ற சொல்லில் ஓர் ‘அ’ விழுந்துபோனால்
‘கொல்கிறேன்’ ஆகிவிடும்.
தங்களை மகிழ்ச்சியுடன் கொல்கிறேன்,
இப்படிக்குத் தைமி
என்று அதுவரை
பத்தொன்பது நிறுவனங்களுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு,
முதலில் மூக்கால், பிறகு அடக்க முடியாமல்.
இந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு அவளுக்கும் வந்துவிட்டது,
விலா வலிக்க, கண்ணில் நீர் வர,
பேருந்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க.

‘என்னுடையதையும் கொண்டுவருகிறேன்,
நீ திருத்து. வியாழன், நூலகக் கீழ்த்தளம்.’

வியாழன்
கதவைத் தள்ளிக்கொண்டு பனியோடு வந்ததை
உடனே அடையாளம் கண்டாள்:
சாம்பல் நிறம், மூன்றாம் பொத்தான் இல்லை.
முகம்
அதற்குப் பிறகுதான்.