எதிரெதிரே

கடல் இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம்.
ராயக்கோட்டை சாலை, இரண்டாம் மாடி,
நாலடிக் கண்ணாடிக்குள்
உப்பை எடைபோட்டுக் கரைத்தாயிற்று.
கரைத்த உப்பு கடலாகிவிடாது
என்பது முதல் மாதமே தெரிந்தது:
பாறைக்குப் பின்னால்
விரலகல மூலையில்
பழுப்பாய்ப் படிந்தது அழுக்கு.
பவளம் சுருங்கிக்கொண்டது.
அதற்குக் கால் இல்லை,
இரை இருக்கும் இடத்துக்கு
அது போகாது. தண்ணீர்தான் வரவேண்டும்.

ஒரே பக்கமிருந்து அடித்தால்
மணல் குழிந்து அடிக்கண்ணாடி தெரிகிறது.
அதனால் இரண்டு பம்ப்புகள், எதிரெதிரே.
"மோதட்டும்" என்றாள் நாகவேணி,
ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கடித்தபடி.
மோதின.
எந்தப் பக்கம் போவதென்று தெரியாத தண்ணீர்
எல்லாப் பக்கமும் போயிற்று.

கீழ்வீட்டு மாதேஷ் குனிந்து பார்த்தார்.
"மீன் எங்கே?"
"இன்னும் விடலை."
"பின்னே யாருக்கு இவ்வளவு காத்து?"
பச்சை விரல்கள் அப்போதுதான்
ஒவ்வொன்றாய் நீண்டுகொண்டிருந்தன.
அவருக்குக் காட்டவில்லை.

நேற்று பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
மாற்று பேட்டரி, அடுத்த சம்பளத்தில்
வாங்குவதாக இருந்தது.
டார்ச்சைக் கழுத்திடுக்கில் செருகி
மக்கில் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன்.
மறுமுனையில் அவள்.
இருபது எண்ணி நான், இருபது எண்ணி அவள்.
மூன்று மணிக்கு முழங்கைவரை
வெள்ளையாய்ப் பூத்திருந்தது உப்பு.
மேம்பாலத்தில் லாரிகள்
விட்டுவிட்டு இரைந்தன.
அலை மாதிரி இல்லை? என்று
ஆரம்பித்தேன்.
"பேசாதே" என்றாள்,
"எண்ணிக்கை தப்புது."