இணைப்பு பதினேழு

குளப்பிட்டிச் சந்திக் கடையில
எங்கட பதினெட்டு மாதத்தை
பக்கம் பதினைந்து ரூபாய்ப்படி
அடிச்சுத் தாறான் பெடியன்.

நல்ல பிள்ளை, கண்ணை மெசினிலதான் வைச்சிருக்கிறான்.
ஆனாலும்
"சாப்பிட்டாச்சோ" என்று நீங்கள் கேட்ட
நானூற்றுச் சொச்சம் தடவையும்
சூட்டோட வந்து விழுகுது தட்டில.

உறவு உண்மையெண்டு காட்டவேணுமாம், லோயர் சொன்னவர்.
கலியாணப் படம் இருபது.
பதிவுத் துண்டின்ர ஆங்கிலப் பிரதி.
கீரிமலையில ஒரு குடைக்குள்ள நிண்டது.
நீங்கள் வந்து நிண்டது பத்தொன்பது நாள்,
அதில மூன்று நாள் உங்களுக்குக் காய்ச்சல்.
காய்ச்சலுக்குப் படமில்லை.

மார்ச் ஒன்பதாந் திகதியை
எடுத்துவிடச் சொன்னீங்கள்.
"இனி எடுக்க வேண்டாம்" என்று
நான் எழுதின நாள்.
பிறகு ஆறு நாள்
ரெண்டு பக்கமும் ஒரு எழுத்தில்லை.
(அந்த ஆறு நாளுக்கும் இவன் காசு கேட்கேல்லை.)

ஏழாம் நாள், இஞ்ச விடியப்புறம்,
குறொய்டனில நடுச்சாமம்,
ஒரு படம் மட்டும் அனுப்பினீங்கள்:
அடிப்பிடிச்ச பருப்புச் சட்டி.
மன்னிப்பில்லை, விளக்கமில்லை.
நுளம்பு வலைக்குள்ள கிடந்து
அம்மா எழும்பாமல்
வாயைப் பொத்திச் சிரிச்சன்.

"அக்கா, இந்தப் பக்கம் தெளிவில்லை,
வெறுங் கறுப்பாத்தான் வருது.
விடுவமோ?"

வேண்டாம் தம்பி.
எனக்குத் தெரியாத ஒரு மேசையில
எங்களைத் தெரியாத ஒரு ஆள்
அதையும் பார்க்கத்தான் வேணும்.

"கலரெண்டால் அறுபது ரூபாய்."

கலரில அடி.