துரு உத்தரவாதத்தில் சேராது

"கடலுக்கு எவ்வளவு தூரம்?" என்றார் பூன்,
விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன்பே.
கிலோமீட்டரில் தெரியாது தவுக்கே.
துணிக்கொடியின் கிளிப்புகள்
ஆறு மாதத்தில் வாய் திறக்க மறுக்கும் தூரம்.
மறந்துவிட்ட கொண்டை ஊசி
தலையணையில் பழுப்புக் கோடு போடும் தூரம்.
தோட்டத்துப் பக்கமிருந்து அடித்தால்
ஆலையின் புளித்த வாடை,
ஜெராம் பக்கமிருந்து அடித்தால்
சேறும் சுட்ட மீனும்.
அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து
பட்டியலின் மேல்பாதியை
அப்படியே குறுக்கே அடித்தார்.

செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி நான்.
இரவு ஷிப்ட் முடிந்து வர இரண்டாகும்.
வாங்கும்போதே வீட்டோடு வந்தது இந்தக் காராஜ்;
முன்னே இருந்த மோட்டார் சைக்கிள் மெக்கானிக்
தன் கனவின் அளவுக்குக் கட்டிவிட்டு
கிள்ளானுக்குப் போய்விட்டார்.
இரண்டு மணிக்குப் பழைய காஞ்சிலை நிறுத்தி,
விளக்கை அணைக்காமல் இறங்கி,
குனிந்து,
முதுகைத் தெருவுக்குக் கொடுத்துக்
கைப்பிடியைத் தூக்குவேன்.
போன மாதம் மூன்றாவது வரிசையில்
இப்படிக் குனிந்திருந்த ஒருத்தியின்
கைப்பையோடு சங்கிலியும் போனது.
அதனால்தான் மோட்டார்.
ஆடம்பரம் என்கிறாள் நாத்தனார்.
ஒரு ராத்திரி குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சங்கிலியில் ஓடுவது மலிவு: எழுநூற்றைம்பது வெள்ளி.
"இங்கே சங்கிலி
முதல் வருசம் எண்ணெய் குடிக்கும்,
ரெண்டாம் வருசம் இருமும்."
ரப்பர் வாரில் ஓடுவது ஆயிரத்து இருநூறு.
ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட ஊரில்
ரப்பருக்கு நான் கூடக் கொடுக்க வேண்டுமாம்.
திருகாணி எவர்சில்வரா?
எவர்சில்வர்தான்.
உள்ளே இருக்கும் பலகை?
பல்லி முட்டையிடாதபடி அடைத்திருக்கிறது.
இடி இறங்கினால்?
அதற்கொரு சின்னத் தடுப்பு, எண்பது வெள்ளி.
கரண்ட் போனால் பேட்டரி.
பேட்டரியும் போனால் இந்தச் சிவப்புக் கயிறு;
இழுத்துவிட்டால் மறுபடி உன் முதுகுதான்.
ஐந்து வருட உத்தரவாதம்.
அட்டையின் பின்னால், பொடி எழுத்தில், மலாயில்:
துரு இதில் சேராது.
வாசித்துக் காட்டினேன்.
"துருவுக்கு யாரம்மா கையெழுத்துப் போடுவான்"
என்று ரசீது கிழித்தார்.

சனிக்கிழமை ஹஸ்ரி வந்து மாட்டினான்.
கீல்கள் பழசு, ஆனால் தாங்கும் என்று
ஒவ்வொன்றுக்கும் விரலால் வழித்துக் கிரீஸ் பூசினான்.
அன்றிரவு காரில் இருந்தபடியே
பொத்தானை அழுத்தினேன்.
கதவு சத்தமே இல்லாமல்
கொட்டாவி போல மேலே போனது.
முதுகு சீட்டில் சாய்ந்தபடி இருந்தது.

உள்ளே போனால்
தனபாலன் கட்டில் முழுக்கப் பரந்து கிடக்கிறார்.
பன்னிரண்டு வருடமாக
அந்தக் கீல் கத்தும்போதுதான் புரள்வார்,
கண் திறக்காமல், சுவர்ப்பக்கம்,
என் பாதியைக் காலி செய்துகொண்டு.
ஐந்து மணிக்கு லாரிக்குப் போய்விடுவார்.
பல நாள் நாங்கள் பேசிக்கொண்டதே
அவ்வளவுதான்:
கதவு ஒரு வார்த்தை,
மெத்தை ஒரு வார்த்தை.
எழுப்ப மனம் வரவில்லை.
ஓரத்தில் ஒருக்களித்து,
பஸ்ஸில் இடம் கேட்காதவள் போலப் படுத்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ், இலவசம்.
ஹஸ்ரி போன் செய்தான்.
அடுத்த மாதம் வாப்பா என்றேன்.
அடுத்த மாதமும் அதையே சொன்னேன்.
வார் ஓடட்டும். மோட்டார் நல்லா இருக்கட்டும்.
எவர்சில்வர் எவர்சில்வராகவே இருக்கட்டும்.
இடது பக்கத்து மேல் கீலை மட்டும்
காற்றிடம் விட்டிருக்கிறேன்.

நேற்று, பாதி திறந்த இடத்தில்,
லேசாக முனகியது.
போய்ப் பார்த்தேன்.
ஒரு கால் மட்டும்
நகர்ந்திருந்தது.